மடிக்கணினிக்கு மறுநடவு எதற்கு?

வேகம் குறைந்து சத்தம் கூடிய பழைய மடிக்கணினிக்கு ஆயுள் முடிந்துவிட்டது, அதற்குச் செலவு செய்வது வீண், புதிது வாங்குவதே புத்தி. நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும், தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் குடியிருக்கும் தாமான்களிலும் இந்தக் கருத்து வேரூன்றி நிற்கிறது. லாபு, ரந்தாவ், லிங்கி, சுவா பெத்தோங், பகாவ் என எந்தப் பக்கம் போனாலும் இதே பேச்சுதான். இந்தக் கருத்து தவறு. கருவியின் நோயைப் பார்க்காமல் வயதை மட்டும் பார்த்துச் சொல்லப்படும் தீர்ப்பு இது. இதற்கு விலை கொடுப்பவர்களோ, கையில் மிச்சமே இல்லாத குடும்பங்கள்.

2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளிகள் மூடப்பட்டன, இல்லிருப்புக் கற்றல் வந்தது. அதுவரை கைப்பேசியோடு நிறைவடைந்திருந்த வீடுகளுக்கு மடிக்கணினி தேவைப்பட்டது. 2021ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட செர்டிக் திட்டம் 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்குக் கருவி வழங்க இலக்கு வைத்தது. அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்ற குடும்பங்கள் பயன்படுத்திய மடிக்கணினிகளைத் தேடிப் போயின. அலுவலகங்களில் மூன்று நான்கு ஆண்டுகள் உழைத்துக் கழிக்கப்பட்ட லெனோவோ, டெல், எச்பி கருவிகள் இப்படித்தான் லயன் வீடுகளுக்குள் வந்தன. இன்று இரைகிறது, இழுக்கிறது என்று மூலையில் வைக்கப்படுபவை பெரும்பாலும் இவைதாம்.

மறுக்கும் முன், எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்வதே முறை. தோட்டத்து மனிதருக்கு ஆயுள் என்பது கண்ணால் கண்ட கணக்கு. செம்பனை இருபத்தைந்து ஆண்டைத் தாண்டினால் சாய்த்துவிட்டு மறுநடவு செய்கிறார்கள். அதைக் காப்பாற்ற யாரும் முனைவதில்லை. கருவிக்கும் அப்படியோர் ஆயுள் உண்டு என்பது அந்தத் தரப்பின் அடிப்படை. இதன் மேல் ஐந்து காரணங்கள் அடுக்கப்படுகின்றன. சத்தம் ஒரு கோளாறு, மந்தம் இன்னொரு கோளாறு, இரண்டும் சேர்ந்துவிட்டால் மீட்சி இல்லை. ஃபார்மேட் செய்தும் பலன் இல்லையென்றால் கருவியே கெட்டுவிட்டது. மென்பொருள்கள் ஆண்டுக்கு ஆண்டு கனத்துக்கொண்டே போகின்றன. விண்டோஸ் 10க்கான ஆதரவும் நின்றுவிட்டது. பழுது பார்க்கக் கொடுக்கும் பணத்தை முன்பணமாகக் கட்டினால் உத்தரவாதத்தோடு புதிதே கிடைக்கும். இவை எல்லாம் வீட்டுக் கவலையிலிருந்து பிறந்த வாதங்கள். எதுவும் வெறும் பிதற்றல் அன்று. ஆனால், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் எதுவும் நிற்கவில்லை.

1. மரத்தின் மூப்பு வேறு, கருவியின் மூப்பு வேறு

செம்பனையின் மூப்பு அந்த மரத்துக்குள்ளேயே இருக்கிறது. குலைக்குக் கத்தி எட்டாத உயரத்துக்கு மரம் வளர்ந்துவிடுகிறது, காய்ப்பும் குறைகிறது. அதை எந்தக் கைவேலையாலும் திருப்ப முடியாது. மடிக்கணினியின் மூளையான செயலிக்கு இந்த விதி பொருந்தாது. அதில் தேய்வதற்கு அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. 2017இல் வெளிவந்த இன்டெல் ஐ5-8250யு செயலியின் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், உச்ச வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். சூடாகாமல் பார்த்துக்கொண்டால் அதே செயலி இன்றும் அதே கணக்கை அதே வேகத்தில்தான் போடும்.

அப்படியானால் ஏன் இழுக்கிறது? வெப்பம் 100 பாகை செல்சியஸை நெருங்கினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. எரிந்துபோகாமல் இருக்க அது செய்துகொள்ளும் தற்காப்பு இது. சூடு தணிந்தால் வேகம் திரும்பிவிடும். காய்ச்சலில் படுத்தவனைக் கிழவன் என்று முடிவுகட்டுவதும், சூட்டில் தவிக்கும் கருவியை ஆயுள் முடிந்தது என்று ஒதுக்குவதும் ஒரே பிழை.

மடிக்கணினியில் உண்மையாகவே தேய்பவை சிலவே: விசிறி, செயலிக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையில் பூசிய வெப்பப் பசை, சுழலும் ஹார்ட் டிஸ்க், பேட்டரி, மூடியைத் தாங்கும் கீல். பெரும்பாலான கருவிகளில் இவை ஐந்தும் மாற்றக்கூடியவை. இந்த உண்மை தோட்டத்துக்குப் புதிதன்று. ஹோண்டா இஎக்ஸ்5 கப்சாய் மோட்டார் மலை ஏறத் திணறினால் அதை யாரும் இரும்புக் கடையில் போடுவதில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறார்கள், கார்புரேட்டரைக் கழுவுகிறார்கள், எண்ணெய் மாற்றுகிறார்கள். இருபது ஆண்டு ஓட்டுகிறார்கள். முற்றத்தில் நிற்கும் மோட்டாருக்குக் கிடைக்கும் நியாயம், வீட்டுக்குள் இருக்கும் மடிக்கணினிக்கு மட்டும் மறுக்கப்படுகிறது.

2. சத்தமும் மந்தமும் பெரும்பாலும் ஒரே நோய்

இரண்டு அறிகுறிகள் சேர்ந்து வந்தால் இரண்டு நோய்கள் என்று எண்ணுவது முதல் பிழை. இரண்டும் சேர்ந்ததால் சாவு உறுதி என்பது அடுத்த பிழை. விசிறி காற்றை உள்ளே இழுத்து, நெருக்கமாக அடுக்கிய மெல்லிய உலோகத் தகடுகளின் இடைவெளி வழியே வெளியே தள்ளுகிறது. அந்த இடைவெளி அடைபட்டால் சூடு தேங்கும். சூட்டைத் தள்ள விசிறி இன்னும் வேகமாகச் சுழலும், அது சத்தம். சுழன்றும் சூடு தணியாவிட்டால் செயலி வேகத்தைக் குறைக்கும், அது மந்தம். வேர் ஒன்றுதான்.

தோட்டத்து வீட்டில் இந்த அடைப்பு விரைவாகவே வந்துவிடுகிறது. குலை ஏற்றிய லோரி போகும்போதெல்லாம் செம்மண் தூசி கிளம்புகிறது. மாலையில் சாம்பிராணிப் புகை, இரவில் கொசுவர்த்திப் புகை. தகரக் கூரைக்குக் கீழே நண்பகல் வெக்கை. மேசை இல்லாத வீட்டில் பிள்ளை மெத்தையின் மேல் வைத்துப் படிக்கிறது. அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் மெத்தையில் புதைந்து அடைகின்றன.

அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். விசிறி முடிந்து தகடுகள் தொடங்கும் இடத்தில், கம்பளித் துணிபோல் அழுந்திய சாம்பல் நிறத் தூசிப் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வரும். தலைமயிர், பஞ்சு, ஈசலின் சிறகு எல்லாம் அதில் பின்னிக் கிடக்கும். வெளித்துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்தால் தகடுகள் சுத்தமாகவே தெரியும், ஏனெனில் படலம் இருப்பது உட்புறத்தில். "பார்த்தாச்சு, தூசி இல்லை" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து பார்த்தவர்கள்.

சுத்தம் செய்யும் முறையும் எளிது. கருவியை முழுதாக அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, திறந்தவுடன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். விசிறி இறக்கையை ஒரு குச்சியால் தடுத்துப் பிடித்துக்கொண்டு காற்றடிக்க வேண்டும்; தடுக்காமல் அடித்தால் விசிறி அளவு மீறிச் சுழன்று கெடும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படியும். வீட்டு வேக்குவம் கருவியால் உறிஞ்சினால் நிலைமின்சாரம் பலகையைத் தாக்கலாம். சில ஆண்டுகளில் சுண்ணாம்புபோல் காய்ந்துவிடும் வெப்பப் பசையைத் துடைத்துவிட்டு, அரிசி மணி அளவு புதிய பசை வைக்க வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி துடைக்கப் போதும். திருகாணியில் கை பழகாதவர் இதைக் கடையில் செய்துகொள்வதே நல்லது. ஆனால், என்ன வேலை என்று தெரிந்து கேட்பவருக்கும், "பார்த்துச் செய்யுங்க பாஸ்" என்று விட்டுவிட்டு வருபவருக்கும் கிடைக்கும் வேலை ஒன்றாக இருப்பதில்லை.

எல்லாச் சத்தமும் தூசியின் சத்தம் அன்று என்பதையும் சொல்ல வேண்டும். காற்று பீறிடும் சீரான இரைச்சல் சூட்டைக் காட்டுகிறது. கரகரவென்று உரசும் ஒலி விசிறியின் பேரிங் தேய்ந்ததைக் காட்டுகிறது. தூசி தட்டினால் அது போகாது, விசிறியை மாற்ற வேண்டும். உள்ளங்கை படும் பகுதிக்கு அடியிலிருந்து டிக் டிக் என்று விட்டு விட்டு வரும் ஒலி ஹார்ட் டிஸ்க் சாகப்போவதைக் காட்டுகிறது; அந்த நிமிடமே கோப்புகளை வேறிடத்தில் படியெடுக்க வேண்டும். காதால் பிரித்தறியக்கூடிய இந்த மூன்றையும் "சத்தம் போடுது" என்ற ஒரே சொல்லில் அடைப்பதால்தான் தவறான தீர்ப்பு பிறக்கிறது.

3. ஃபார்மேட் தோற்றால் கருவி தோற்றதாகாது

எந்த நோய்க்கும் ஃபார்மேட்டே மருந்து என்ற நம்பிக்கைதான் பல கருவிகளைக் கொன்றிருக்கிறது. ஃபார்மேட் செய்தால் சில வாரம் வேகம் கூடுவது உண்மை. சேர்ந்துகிடந்த நிரல்கள் போய்விடுவதால் வரும் வேகம் அது. பிறகு பழைய நிலை திரும்புகிறது. உடனே கருவியே கெட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். மென்பொருளைத் துடைத்ததால் வன்பொருளின் குறை எப்படித் தீரும் என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் குறை பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு 10 விழுக்காட்டைத் தாண்டாமல் இருக்க, டிஸ்க் மட்டும் 100 விழுக்காட்டில் நின்றுகொண்டிருந்தால் செயலி சும்மா காத்திருக்கிறது, டிஸ்க் ஓட முடியாமல் திணறுகிறது என்று பொருள்.

திணறுவதற்கான காரணம் எளிய கணக்கு. மடிக்கணினிகளில் பரவலாக இருந்த டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. தேவையான துணுக்குத் தகவல் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முனை இடம் நகர இன்னும் பத்துப் பன்னிரண்டு மில்லிவினாடி ஆகும். ஆக, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிய துணுக்குகளை வினாடிக்கு அறுபது எழுபதுக்கு மேல் அதனால் எடுத்துத் தர முடியாது. இன்றைய விண்டோஸ் தொடங்கும்போது கேட்பதோ பல ஆயிரம் துணுக்குகள். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி ஒரு துணுக்கை ஏறத்தாழ 0.1 மில்லிவினாடியில் தருகிறது. டிஸ்க் இருந்த இடத்தில் எஸ்எஸ்டியைப் பொருத்தினால், திறக்க நிமிடக் கணக்கில் எடுத்த கருவி வினாடிக் கணக்கில் திறக்கிறது. டிஸ்க் சுழலும் ஓசையும் அதோடு ஒழிகிறது.

ஃபார்மேட்டில் இன்னொரு தீமையும் உண்டு. சாகும் நிலையில் உள்ள டிஸ்க்கின் மேல் விண்டோஸை மறுபடி எழுதுவது அதன் கடைசி மூச்சையும் பிடுங்கும் வேலை. மகளின் எஸ்பிஎம் தேர்வுக் குறிப்புகளும் தாத்தாவின் ஒரே புகைப்படமும் அதோடு போய்விடும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரல் டிஸ்க்கின் உடல்நிலையை நிறத்தால் காட்டும். நீலம் என்றால் நலம். மஞ்சள் என்றால் படியெடுக்கும் நேரம். சிவப்பு என்றால் தாமதிக்க இடமில்லை. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். ஃபார்மேட்டுக்கு முன் இதைச் செய்யாதவர் கையில் கருவியைக் கொடுக்கவே கூடாது.

4. மென்பொருள் கனத்தது உண்மை, மருந்து வேறு

மென்பொருள் ஆண்டுக்கு ஆண்டு கனக்கிறது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. 4 ஜிபி ரேம் உள்ள கருவியில் விண்டோஸே அதில் பாதியை எடுத்துக்கொள்கிறது. உலாவியில் கூகுள் கிளாஸ்ரூம், காணொளி வகுப்பு, நான்கு பக்கங்கள் என்று திறந்தால் மீதியும் தீர்ந்துவிடும். இடம் போதாமல் வழிவதை விண்டோஸ் டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கிறது. அந்த டிஸ்க் சுழலும் டிஸ்க்காக இருந்துவிட்டால் ஒரு மந்தத்தின் மேல் இன்னொரு மந்தம் ஏறிக்கொள்கிறது.

ஆனால், இதிலிருந்து வரும் முடிவு ரேமைக் கூட்டுவது. கருவியைக் கழிப்பது அன்று. டாஸ்க் மேனேஜரின் மெமரிப் பக்கத்தில் எத்தனை இடங்கள் உள்ளன, எத்தனை நிரம்பியுள்ளன என்பது தெரியும். காலி இடம் இருந்தால் இன்னொரு 4 ஜிபி துண்டைச் செருகினாலே 8 ஜிபி ஆகிவிடும். டிடிஆர்3எல், டிடிஆர்4 என்ற வகையை மட்டும் சரியாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது.

காசே செலவில்லாத காரணங்களும் இங்கே ஒளிந்திருக்கின்றன. கருவி தொடங்கும்போதே தாமாக ஓடத் தொடங்கும் நிரல்களை ஸ்டார்ட்அப் பட்டியலில் நிறுத்திவிடலாம். இரண்டு நச்சுநிரல் தடுப்பான்கள் ஒரே கருவியில் ஓடினால் ஒன்றை ஒன்று துருவிக்கொண்டிருக்கும். ஒன்றை நீக்க வேண்டும். சி டிரைவ் விளிம்பு வரை நிரம்பியிருந்தால் பத்தில் ஒரு பங்காவது காலி செய்ய வேண்டும். எதையும் திறக்காமல் சும்மா வைத்திருக்கும்போதே விசிறி அலறினால், யாரோ போட்டுத் தந்த திருட்டு விண்டோஸோடு வந்த நச்சுநிரல் பின்னால் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மின்செருகியை, அதாவது அடாப்டரையும், விட்டுவிடக் கூடாது. 65 வாட் கேட்கும் கருவிக்கு 45 வாட் செருகியையோ போலிச் செருகியையோ கொடுத்தால் சில கருவிகள், குறிப்பாக டெல் வகைகள், செயலியின் வேகத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிடும். பழைய கருவியை வாங்கும்போது அதனோடு வந்த செருகி அதற்கே உரியதா என்று பார்க்கும் வீடு அரிது. மந்தத்துக்குக் காரணம் கருவிக்கு வெளியே சுவரில் தொங்கிக்கொண்டிருக்க, தண்டனை கருவிக்குப் போகிறது.

5. விண்டோஸ் 10 முடிந்தது, கருவி முடியவில்லை

2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கான ஆதரவை நிறுத்தியது. பாதுகாப்பு மேம்பாடு வராத கருவியில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்து என்பதும் சரி. ஆனால், இது ஒரு மென்பொருளின் முடிவு. வீட்டு வாடகை ஒப்பந்தம் முடிந்தால் வீடு இடிந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

விண்டோஸ் 11 இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும், கூடவே டிபிஎம் 2.0 பாதுகாப்பும் கேட்கிறது. 2018க்குப் பிறகு அலுவலகங்களுக்கென விற்ற கருவிகளில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் வந்துவிடும். பழையது என்று ஒதுக்கப்படும் பல கருவிகளுக்கு விண்டோஸ் 11 முறைப்படியே ஏறும். சோதித்துப் பார்க்கத்தான் யாருமில்லை.

வரம்புக்கு வெளியே நிற்கும் கருவிக்கும் வழி உண்டு. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் போன்ற இலவச இயங்குதளங்கள் 4 ஜிபி ரேமிலும் ஓடுகின்றன. மாணவருக்குத் தேவையான கூகுள் கிளாஸ்ரூமும், கல்வி அமைச்சின் டெலிமா தளமும், கட்டுரை எழுதும் ஏடும் உலாவிக்குள்ளேயே இயங்குபவை. உலாவி எந்த இயங்குதளத்தின் மேல் நிற்கிறது என்பது அவற்றுக்குப் பொருட்டல்ல. லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகையும் இருப்பதால் தமிழில் தட்டச்சு செய்யவும் தடையில்லை. 2011இல் தமிழ்நாட்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே மாணவர் கைக்கு வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கையாண்ட ஒன்றைத் தோட்டத்துப் பிள்ளைகளால் கையாள முடியாது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

6. மலிவான புதிது என்பதே பெரிய ஏமாற்றம்

பணக் கணக்குதான் எதிர்த்தரப்பின் வலுவான வாதமாகத் தோன்றுகிறது. ஆராய்ந்தால் அதுவே பலவீனமானது. 2025 பிப்ரவரியிலிருந்து மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. நம்பி வாங்கத்தக்க புதிய மடிக்கணினி ஒன்று அந்த ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். தவணையில் வாங்கினால் வட்டியும் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் இழுக்கும். பழைய கருவிக்கு விசிறி துடைத்து, பசை மாற்றி, எஸ்எஸ்டி ஒன்றும் ரேம் துண்டு ஒன்றும் போட்டாலும் செலவு அதன் ஒரு சிறு பங்குதான்.

விலை குறைந்த புதிதை வாங்கினால் போகிறது என்று சொல்பவர்கள் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மலிவு வரிசையில் பரவலாக விற்ற செலரான் என்4020 செயலிக்கு இரண்டு கோர்கள்தாம். கூடவே 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு. பல வகைகளில் இரண்டும் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், பின்னால் கூட்டவே முடியாது. அலுவலகத்தில் கழித்த ஐ5-8250யு கருவிக்கு நான்கு கோர்கள், எட்டு இழைகள். பெரும்பாலும் ரேமையும் சேமிப்பையும் கூட்டலாம். புதுப் பெட்டியின் மணத்துக்காக வலுவான கருவியைக் கொடுத்துவிட்டு வலுவிழந்த கருவியை வாங்குவதற்குச் சிக்கனம் என்று பெயரில்லை.

கடைக்காரர் ஏமாற்றுவார், பழுது பார்க்கக் கொடுத்தால் ஒன்று போய் இன்னொன்று வரும் என்ற அச்சமும் உண்மையானதுதான். அதற்கு மருந்து விழிப்பு. கொடுக்கும் முன் டிஸ்க்கின் அளவு, ரேமின் அளவு, செயலியின் பெயர் மூன்றையும் படமெடுத்து வைக்க வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும். மோட்டார் கடையில் பழைய பிளக்கைக் கேட்டு வாங்குவது வழக்கம்தானே. ரசீது பெற வேண்டும். வாங்கிய பொருளுக்குப் பழுதுபார்ப்பு வசதியும் உதிரிப் பாகமும் நியாயமான காலம் வரை கிடைக்க வேண்டும் என்பதை 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் ஓர் உத்தரவாதமாகவே வைத்திருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் வழக்கறிஞர் இல்லாமலே விசாரிக்கிறது.

7. எறிந்தது எங்கோ போய்விடுவதில்லை

தூக்கிப் போட்டால் தொல்லை விட்டது என்ற எண்ணம் இந்த மாநிலத்தில் யாருக்கும் வரக் கூடாது. நாட்டின் அபாயக் கழிவுகளை ஒருங்கே கையாளும் மையம் 1990களின் இறுதியிலிருந்து இயங்குவது போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் நானாஸில்தான், சுற்றிலும் தோட்டங்கள். மின்னணுக் கழிவு மலேசியச் சட்டத்தில் எஸ்டபிள்யு110 என்ற குறியீட்டோடு அபாயக் கழிவுப் பட்டியலில் இருக்கிறது. 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியதாகவும், அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியிருப்பதாகவும் ஐநா அறிக்கை சொல்கிறது.

லயத்துக்குப் பின்னால் குப்பையோடு எரிக்கப்படும் மடிக்கணினி, பலகையில் உள்ள ஈயத்தையும் பிளாஸ்டிக்கில் கலந்த தீத்தடுப்பு வேதிப்பொருள்களையும் அந்தப் பிள்ளைகள் மூச்சுவிடும் காற்றில்தான் கலக்கிறது. பேட்டரி தீயில் வெடிக்கும். இரும்பு வியாபாரியிடம் எடைக்குப் போடும் கருவியின் டிஸ்க்கில் அடையாள அட்டைப் படமும் வங்கி விவரமும் அழியாமல் கிடக்கும். ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரிவளிச் சுமையில் பெரும்பகுதி அதைச் செய்யும்போதே உண்டாகிவிடுகிறது. இருப்பதை மூன்று ஆண்டு கூடுதலாக ஓட்டுவதே அந்தச் சுமைக்கு நியாயம் செய்யும் வழி.

எதிர்த்தரப்பு சரியாக இருக்கும் இடங்கள்

மறுப்பு நேர்மையாக இருக்க வேண்டுமானால் அதன் எல்லையையும் காட்ட வேண்டும். எல்லாக் கருவியும் மீளாது. பேட்டரி உப்பி, தொடுபலகை மேலே தூக்கியிருந்தால் அந்த நிமிடமே பயன்பாட்டை நிறுத்த வேண்டும். அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது; பேட்டரியை மாற்ற முடியாத கருவி என்றால் அதோடு முடிந்தது. தாய்ப்பலகையில் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருந்தால் செலவு எல்லை மீறும். ஆட்டம் செயலியும் 2 ஜிபி ரேமும் கொண்ட பத்தாண்டுக்கு முந்தைய நெட்புக் வகைகளை எந்த எஸ்எஸ்டியாலும் இன்றைய பாடங்களுக்கு ஈடுகொடுக்க வைக்க முடியாது. ரேமும் சேமிப்பும் பலகையோடு பற்றவைக்கப்பட்ட மெல்லிய கருவியில் கூட்ட இடமில்லை. இவற்றுக்குப் புதிது வாங்குவதே சரி. ஆனால், இவை விதிவிலக்குகள். திறந்து பார்த்த பிறகே இந்த முடிவுக்கு வர முடியும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

வரிசை மாறாத சோதனை

செலவில்லாததில் தொடங்கிச் செலவுள்ளதில் முடிவதே சரியான வரிசை. முதலில் கோப்புகளைப் படியெடுத்து வைப்பது. அடுத்து, கருவியைக் கெட்டியான மேசையில் வைத்து, பின்புறத்தை இரண்டு விரல் உயர்த்தி, சத்தம் தணிகிறதா என்று கேட்பது. பிறகு செருகியின் வாட் அளவைப் பார்ப்பது. டாஸ்க் மேனேஜரில் சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றில் எது உச்சத்தில் நிற்கிறது என்று பார்ப்பது. கோர் டெம்ப் போன்ற இலவச நிரலால் வெப்பத்தை அளப்பது. சும்மா இருக்கும்போதே 70 பாகையைத் தாண்டினால் பெரும்பாலும் தூசி. டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்ப்பது. தேவையற்ற நிரல்களை நீக்குவது. இவ்வளவுக்கும் ஒரு மாலைப்பொழுது போதும், ஒரு காசும் வேண்டாம். இதன் பிறகே திருகாணி. அதன் பிறகு எஸ்எஸ்டி. அதன் பிறகு ரேம். இன்று நடப்பதோ தலைகீழ்: புதிது வாங்குவதில் தொடங்கி, பழையதை ஒருமுறைகூடத் திறக்காமலே முடிக்கிறார்கள்.

தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கோயில் மண்டபங்களில் கூடும் இளைஞர் அமைப்புகளும் ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமையை இதற்கென ஒதுக்கலாம். திருகாணிப் பெட்டி ஒன்று, தூரிகை ஒன்று, பசைக் குழாய் ஒன்று, கைப்பழக்கம் உள்ள இளைஞர் இருவர். ஒரு தோட்டத்தின் மடிக்கணினிகளுக்கு இவ்வளவு போதும். இரைச்சலைக் கேட்டு யாரும் ஒரு கருவிக்கு மரணத் தீர்ப்பு எழுத வேண்டாம். முதலில் அடிமூடியின் திருகாணிகளைக் கழற்றிப் பாருங்கள். தீர்ப்பைப் பிறகு எழுதலாம்.